ஈரம் பட்ட போரேன்தான் நன்றாக வேலை செய்கிறது. என்எம்ஆரில் எதைப் பார்க்க வேண்டும்?

போரான்_மாணவன்:

வணக்கம். பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஸ்டைரீனை அனிசோலோடு சேர்க்கும் வினைக்கு டிரிஸ்(பென்டாஃபுளூரோஃபீனைல்)போரேனை வினையூக்கியாகப் போடுகிறேன். பெயர் நீளம் என்பதால் லேபில் பிசிஎஃப் என்போம். 5 மோல் சதவீதம், டைகுளோரோமீத்தேன், அறை வெப்பநிலை, ஓர் இரவு.

போன ஐப்பசியில் குளோவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) பழுதாகி, திறந்த பாட்டில் ஒன்று மூன்று வாரம் டெசிகேட்டரில் கிடந்தது. அதைப் போட்டால் 88 சதவீதம் விளைச்சல். இந்த மாதம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பதங்கமாக்கி, பாக்ஸுக்குள்ளேயே எடை போட்டுச் செய்தேன். 6 சதவீதம்தான். மூன்று முறையும் இப்படியே.

இரண்டு மாதிரிகளிலும் டிரைஎத்தில்பாஸ்பீன் ஆக்சைடு சேர்த்து பாஸ்பரஸ் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுத்தோம். இரண்டிலும் பீக் 76.6 பிபிஎம். குட்மன்-பெக்கெட் கணக்கில் ஏற்பு எண், அதாவது லூயிஸ் அமில வலிமையின் அளவு, 78.7. அமில வலிமை ஒன்றேதான் என்றால் விளைச்சல் ஏன் இப்படி மாறுகிறது? கைடு லூயிஸ் அமில வினைவழி, அதாவது எலக்ட்ரான் இணையை ஏற்கும் போரானே வேலை செய்கிறது என்றே பேப்பரை எழுதச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் கல்லூரியில் என்எம்ஆர் இல்லை. மாதிரியைப் பக்கத்து ஊர் மையத்துக்குப் பஸ்ஸில் எடுத்துப்போய்க் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து ஓட்டுவார்கள். இன்னும் எதை எடுத்துப் பார்க்கலாம்?

குளிர்_பொறி:

தண்ணீர்தான். பிசிஎஃப்பில் ஒட்டிய தண்ணீர் வெறும் தண்ணீராக இருப்பதில்லை. போரான் ஆக்சிஜனின் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் அதன் புரோட்டான் எளிதில் கழன்றுவிடும். அசிட்டோநைட்ரைலில் அளந்தபோது அந்தச் சேர்மத்தின் பிகேஏ (குறையக் குறைய அமிலம் வலியது) 8.4 வந்தது, அதே கரைப்பானில் கிட்டத்தட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அளவு. உங்கள் 88 சதவீதம் புரோட்டான் செய்த வேலை என்று நினைக்கிறேன்.

பழைய_ட்யூப்:

தம்பி, உன் சந்தேகம் சரியானது. அதை விட்டுவிடாதே. நான் ஸ்காண்டியம் டிரிஃப்ளேட்டில் எட்டு மாதம் போட்டவன். அடுத்த மேசையில் இருந்த போஸ்ட்டாக் அக்கா ஒரு நாள் என் குடுவையில் 2,6-டை-டெர்ட்-பியூட்டைல்பிரிடின் என்ற, புரோட்டானை மட்டும் பிடிக்கும் காரத்தைக் கொஞ்சம் விட்டுப் பார்க்கச் சொன்னார். வினை அப்படியே நின்றுபோனது. உலோகம் செய்த வேலை என்று நான் நினைத்ததெல்லாம், டிரிஃப்ளேட்டிலிருந்து கசிந்த டிரிஃப்ளிக் அமிலம் செய்த வேலை. அந்த எட்டு மாதமும் எனக்கு இன்னும் வலிக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காகிதத்தில் யோசித்துப் பார். லூயிஸ் அமிலம் வினையைத் தூண்ட அதற்கு ஒரு கைப்பிடி வேண்டும். கார்பனைல் ஆக்சிஜன் மாதிரி, ஒரு தனி இணை எலக்ட்ரான் உள்ள இடம். உன் ஸ்டைரீனில் அப்படி எதுவும் இல்லை. அனிசோலின் ஆக்சிஜனைப் போரான் பிடித்தாலும் வளையம் மந்தமாகுமே தவிர வினை வேகமாகாது. ஆனால் ஒரு புரோட்டான் கிடைத்தால் ஸ்டைரீன் உடனே பென்சைலிக் கார்போகேஷனாகிவிடும், அனிசோல் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக, என்எம்ஆர் எடுப்பதற்கு முன்பே கணக்கு புரோட்டான் பக்கம்தான் சாய்கிறது.

இப்போது அந்த 76.6. குட்மன் 1975இல் வியன்னாவில் கரைப்பான்களுக்காகக் கொண்டுவந்த அளவுகோல் இது. ஹெக்சேனில் 41.0 பிபிஎம் என்றால் எண் சுழி, ஆன்டிமனி பென்டாகுளோரைடில் 86.1 என்றால் நூறு. இடைப்பட்டதற்கு, பீக்கில் 41.0 கழித்து 2.21ஆல் பெருக்குகிறோம். பெக்கெட் 1996இல் இதைப் போரான் அமிலங்களுக்குக் கொண்டுவந்தார். நல்ல அளவுகோல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாஸ்பீன் ஆக்சைடு தண்ணீரைவிட வலிய காரம். ஈர பாட்டிலிலும் அது தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போரானில் உட்கார்ந்துகொள்ள முடியும். நீ எந்த வித்தியாசத்தைத் தேடுகிறாயோ அதை உன் சோதனையே அழித்துவிடுகிறது. இரண்டு பாட்டிலும் ஒரே எண் காட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஃபுளூரின் எடு. எதையும் சேர்க்காதே, பாட்டிலில் இருப்பதை உலர்ந்த கரைப்பானில் கரைத்து அப்படியே எடு. பிசிஎஃப் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் பதினைந்து ஃபுளூரின் இருப்பதால் சில நிமிடத்தில் தெளிவான ஸ்பெக்ட்ரம் வந்துவிடும். தனியாக இருக்கும் போரேனில், வளையத்தில் போரானுக்கு அடுத்த இடமான ஆர்த்தோ −128, நேர் எதிர் இடமான பாரா −143, இடைப்பட்ட மெட்டா −160 சுமாருக்கு இருக்கும். பாராவுக்கும் மெட்டாவுக்கும் உள்ள இடைவெளியைப் பார். தனிப் போரேனுக்கு 17, 18 பிபிஎம். எதாவது ஒட்டிவிட்டால் பாரா பீக் மெட்டாவை நோக்கி நகர்ந்து இடைவெளி பாதிக்கும் கீழே போய்விடும். போரான் என்எம்ஆரிலும் இதே கதைதான்: தனியாக இருந்தால் 60 பக்கத்தில் அகலமான மேடு, நாலாவது ஆள் சேர்ந்தால் சுழிக்குப் பக்கத்தில் கூர்மையான பீக். இடைவெளி நடுவில், 12 என்கிற மாதிரி வந்தால் குழம்பாதே. பாதி மட்டும் ஈரமாகி, தண்ணீர் ஒரு போரானிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தாவிக்கொண்டிருக்கலாம். நாம் பார்ப்பது சராசரி. வெப்பநிலையைக் குறைத்து எடுத்தால் இரண்டும் பிரியும்.

அப்புறம் குடுவைச் சோதனைகள். பதங்கமாக்கிய பொருளோடு வேண்டுமென்றே தண்ணீர் சேர்: போரானுக்குச் சமமாக ஒன்று, அடுத்ததில் இரண்டு. 88 திரும்பி வருகிறதா பார். ஈர பாட்டிலோடு அந்த டை-டெர்ட்-பியூட்டைல்பிரிடினை 10 மோல் சதவீதம் சேர்த்து ஒன்று போடு. அது புரோட்டானைப் பிடிக்கும், ஆனால் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய தொகுதிகள் போரானை நெருங்க விடாது. எச்.சி.பிரவுன் 1953லேயே போரான் டிரைஃபுளூரைடை வைத்து இதைக் காட்டிவிட்டார். வினை நின்றுபோனால் புரோட்டான் என்எம்ஆரில் 10 பிபிஎம்முக்கு மேலே அகலமான என்-எச் பீக் தேடு. கடைசியாக, போரேனே இல்லாமல் டிரிஃப்ளிக் அமிலம் 1 சதவீதம் மட்டும் போட்டு ஒரு வினை. அதே விளைபொருள், அதே ஆர்த்தோ-பாரா விகிதம் வந்தால் கைடிடம் காட்ட அதைவிட வலுவான சான்று கிடைக்காது.

காந்த_அறை:

நான் கருவி ஓட்டுகிறவன், வேதியியலை மேலே சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வரும் மாதிரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாதாரண பிளாஸ்டிக் மூடி போட்ட ட்யூப் இரண்டு நாள் காற்று ஈரத்தைத் தாங்காது. எங்களிடம் வரும்போது உங்கள் உலர்ந்த மாதிரியும் ஈர மாதிரியாகியிருக்கும். டெஃப்லான் வால்வு வைத்த ட்யூப் வாங்குங்கள், இல்லையென்றால் உறையவைத்து வெற்றிடத்தில் கண்ணாடியை உருக்கி மூடிக் கொடுங்கள். ட்யூபையும் ஓவனில் காயவைத்துச் சூட்டோடு பாக்ஸுக்குள் கொண்டுபோக வேண்டும்.

டியூட்டீரியம் கரைப்பான் வாங்கக் காசில்லை என்று ஃபுளூரினை விட்டுவிடாதீர்கள். பென்சீன்-டி6 நிரப்பி மூடிய சிறு கேப்பிலரியை உள்ளே போட்டால் லாக் (கருவி காந்தப்புலத்தை நிலையாக வைக்கப் பிடித்துக்கொள்ளும் டியூட்டீரியம் சிக்னல்) கிடைத்துவிடும், வினைக் கலவையையே ஓட்டலாம். டிஎம்எஸ்ஓ கரைப்பான் மட்டும் வேண்டாம், அதுவே போரானில் உட்கார்ந்துகொள்ளும். போரான் எடுத்தால் ட்யூப் கண்ணாடியில் உள்ள போரானும் ஒரு பெரிய மேடாகத் தெரியும். 60 பக்கத்தில் இருக்கும் உங்கள் அகலப் பீக்கை அதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. குவார்ட்ஸ் ட்யூப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெறும் கரைப்பானை அதே ட்யூபில் ஓட்டிக் கழித்துவிடச் சொல்லுங்கள்.

போரான்_மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. வால்வு ட்யூப் ஒன்றைப் பக்கத்து லேபில் கடன் வாங்கி, இரண்டு மாதிரிகளையும் அடுத்தடுத்து நானே கொண்டுபோய்க் காத்திருந்து எடுத்தேன். பதங்கமாக்கியது: இடைவெளி 17.4. ஐப்பசி பாட்டில்: 8.1. போரான் பீக்கும் சுழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

உலர்ந்த பொருளில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்ததில் 84 சதவீதம். பிரிடின் போட்ட குடுவையில் மறுநாள் காலை டிஎல்சியில் (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) ஸ்டைரீன் புள்ளி மட்டும்தான். டிரிஃப்ளிக் அமிலச் சோதனையை இன்று இரவு போடுகிறேன். திங்கட்கிழமை கைடிடம் நான்கு ஸ்பெக்ட்ரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே தாளில் காட்டப்போகிறேன். பழைய_ட்யூப் அண்ணா, ஆர்த்தோ-பாரா விகிதத்தைப் புரோட்டானில் மெத்தாக்ஸி பீக்கை வைத்தே கணக்கிடலாமா, ஜிசி (வாயு நிறப்பகுப்பு) கட்டாயம் வேண்டுமா?

பழைய_ட்யூப்:

இரண்டு மெத்தாக்ஸி பீக்கும் தெளிவாகப் பிரிந்திருந்தால் போதும். ரிலாக்சேஷன் இடைவெளியை (ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்கும் நேரம்) மட்டும் கூட்டி வைக்கச் சொல், 10 நொடி. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் ஜிசி போட்டுவிடு.