பைத்தான் 2-ல ஓடினது 3-ல ஓடல, அவசரம்

ராப்பூனை:
அஞ்சு வருஷமா பைத்தான் மொழியோட 2-ம் பதிப்புல ஓடின ஸ்கிரிப்ட்ங்க (சின்ன ப்ரோக்ராம்). 3-ல ஏதோ டீகோட் எரர் (பைட்டை எழுத்தா மாத்த முடியலன்னு) அடிக்குது. ஒரு வரிகூட மாத்தல. காலையில லிஸ்ட் குடுக்கணும், ப்ளீஸ்.

புளியமரம்:
ஏதோ எரர்னா? முழுசா போடுங்க. விண்டோஸா லினக்ஸா? ஃபைல்ல என்ன இருக்கு? சோழி உருட்டியா பார்க்கறது?

பழைய கீபோர்டு:
சிக்ஸ் லைப்ரரி (2, 3 ரெண்டுலயும் ஒரே கோடு ஓட உதவறது) போடுங்க ப்ரோ, எல்லாம் சரியாயிடும்.

மூலவர்:
3.0 வந்தது 2008-ல. 2.7-க்கு 2020 ஜனவரி 1-ஓட ஆதரவு முடிஞ்சாச்சு. இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்ப அவசரமாம். ஸ்ட்ரிங் (எழுத்துகள்) வேற, பைட்ஸ் (அதைச் சேமிக்கிற எண்கள்) வேற, படிச்சுட்டு வாங்க.

ராப்பூனை:
விண்டோஸ். 'சார்மேப்' கோடெக், பைட் 8டி-ன்னு வருது. ஃபைல்ல தமிழ்ப் பெயர்கள், கமா போட்டது. இங்கிலீஷ் பெயர் மட்டும்னா ஓடுது. சொல்ல மறந்துட்டேன், ஆபீஸ்ல ஒரு மெஷின் இன்னும் 2.7தான். அதுலயும் ஓடணும்.

புளியமரம்:
இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! மாட்டறது மெய்யெழுத்துப் புள்ளி. யுடிஎஃப்-8-ல (எழுத்தை பைட்டா சேமிக்கிற ஒரு முறை) அது மூணு பைட், கடைசி பைட் 8டி. 3-ல என்கோடிங் (எந்த முறையில சேமிச்சதுன்னு) சொல்லாம ஃபைலை ஓப்பன் பண்ணா, உங்க விண்டோஸ் 1252-ங்கற எழுத்து அட்டவணையை எடுத்துக்குது. அதுல 8டி கட்டம் காலி. பைத்தான் 2-ன்னா பைட்டை அப்படியே அள்ளிக் குடுத்துடும், உள்ள என்னன்னு பார்க்காது. அதான் இத்தனை நாள் தெரியல.
ஐஓ மாட்யூல் ஓப்பனை எடுத்து என்கோடிங் குடுங்க. ரெண்டு பைத்தான்லயும் பைட்டா இல்லாம யுனிகோடாவே (எழுத்தாவே) வரும். கோடுக்குள்ள இருக்கிற தமிழ் ஸ்ட்ரிங் முன்னாடி யு போடுங்க, இல்லைன்னா 2-ல ஒப்பிட்டா சமம் ஆகாது.

பழைய கீபோர்டு:
3-ல யு போட்டா சின்டாக்ஸ் எரர் வருமே?

புளியமரம்:
3.2 வரைக்கும்தான். 3.3-ல திருப்பிச் சேர்த்துட்டாங்க.

கடலைமிட்டாய்:
'தமிழ்'னு லென் (நீளம் எண்ற கட்டளை) போட்டா 2-ல 15, 3-ல 5. விரல் விட்டு எண்ணினா 3 😀

மூலவர்:
5தான் சரி. கோட்பாயின்ட்னா (யுனிகோட்ல ஒவ்வொரு குறிக்கும் இருக்கிற எண்) என்னன்னு தெரிஞ்சுட்டு பேசுங்க.

கடலைமிட்டாய்:
எங்க தமிழ் ஐயா முன்னாடி 5-ன்னு சொல்லிப் பாருங்க, காது திருகுவார்.

மூலவர்:
ஐயாவா கம்பைல் பண்றார்?

ராப்பூனை:
சண்டைக்கு நடுவுல... எரர் போயிடுச்சு. ஆனா முதல் தலைப்பு 'பெயர்' மட்டும் கீ எரர் (அப்படி ஒரு தலைப்பே இல்லைங்குது). பிரிண்ட் பண்ணா சரியாத்தான் தெரியுது.

புளியமரம்:
எக்ஸெல்ல யுடிஎஃப்-8 சிஎஸ்வியா (கமா போட்ட ஃபைல்) சேவ் பண்ணீங்களா? ஃபைல் தலையில பிஓஎம்-னு ஒரு அடையாளக் குறி ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக்னு மாத்துங்க, அந்தக் குறியை விட்டுட்டுப் படிக்கும்.

ராப்பூனை:
வந்துடுச்சு! நன்றி ணா.

பழைய கீபோர்டு:
2.7 மெஷின்ல?

பழைய கீபோர்டு:
ஹலோ?