புதுப்பிப்பு: வெள்ளைச் சட்டையில் போகாத அக்குள் மஞ்சள்

ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவைத்தால் மஞ்சள் போய்விடும் என்று முன்பு எழுதியிருந்தேன். 'ராத்திரி முழுக்க ஊறியும் அப்படியே இருக்கிறது' என்று சிலர் சொன்னதால் இந்தத் திருத்தம்.

முதல் தவறு, பச்சைத் தண்ணீர். ஆக்சிஜன் பிளீச் தூளில் இருக்கும் சோடியம் பெர்கார்பனேட் வேலை செய்யச் சூடு வேண்டும், 50-60 டிகிரி. நான்கு லிட்டர் வெந்நீருக்கு நான்கு மேசைக்கரண்டி, முழுதும் கரைந்த பிறகே சட்டை. பருத்திக்கு இது சரி. பட்டு, கம்பளிக்குக் கூடாது. ஆறு மணி நேரம் போதும், அதற்குமேல் கரைசலில் வீரியம் இருக்காது. மிஞ்சியதை பாட்டிலில் மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

இரண்டாவது தவறுதான் பெரியது: குளோரின் பிளீச். வியர்வையில் உள்ள புரதத்தோடு சேர்ந்து அது மஞ்சளை இன்னும் கூட்டும். குளோரின் பிளீச்சோடு வினிகர் கலந்தால் நச்சு வாயு வேறு.

அக்குள் துணி அட்டை மாதிரி விறைத்திருந்தால், அது டியோடரன்ட்டின் அலுமினிய உப்பு படிந்தது. அதைப் பிளீச் கரைக்காது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு, அப்புறம் பெர்கார்பனேட்டுக்குப் போங்கள்.

கறை இருக்கும்போதே இஸ்திரி போட்டால் இறுகிவிடும். ஈரத்தில் மறைந்ததுபோல் தெரியும்; காய்ந்தபின் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

சொட்டு நீலம் கறையை எடுக்காது, மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான்.