கும்பகோணத்துல ஃபேரி ஒளிஞ்சிருக்கலாமா?

அரசலாறு:
பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைங்களுக்காக ஒரு இருட்டான ஃபேன்டஸி நாவல் எழுதிட்டிருக்கேன். களம் கும்பகோணம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து கதைகள்ல வர்ற ஃபேரிகள் மனுஷ வேஷத்துல இங்க குடியிருக்காங்க. அவங்களால பொய் சொல்ல முடியாது. இரும்பு பட்டா தோல் வெந்துடும், வெண்கலம் ஒண்ணும் செய்யாது. அதனால சுவாமிமலை சிற்பப் பட்டறைகள்ல ஒளிஞ்சிருக்காங்க. அங்க மெழுகு உருவத்து மேல காவிரி வண்டலைப் பூசிக் காயவெச்சு, மெழுகை உருக்கி வெளியேத்திட்டு உலோகத்தை ஊத்துவாங்க இல்லையா? ஃபேரியும் அப்படித்தான். மனுஷனைச் சுத்தி மண்ணைப் பூசி, உள்ள இருக்கிறவனை உருக்கி எடுத்துட்டு அந்த அச்சுக்குள்ள புகுந்துக்கும். தன் தம்பி இப்ப தம்பியில்லைன்னு 16 வயசுப் பொண்ணு ஒருத்திக்குத் தெரியவருது. "வெள்ளைக்காரன் பேயை எதுக்குக் காவிரிக்கரைக்குக் கூட்டிட்டு வர்றே"ன்னு கூட எழுதுறவங்க கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

புகார்வாசி:
நானும் அதையேதான் கேப்பேன் தம்பி. மணிமேகலைக் காப்பியத்துல வர்ற காயசண்டிகையை மறந்துட்டீங்களா? வானத்துல பறக்கிற விஞ்சையர் குலத்துப் பொண்ணு. பொதிகைக்கு வந்தவ, விருச்சிக முனிவரோட நாவல் பழத்தைக் காலால சிதைச்சுட்டா. 12 வருஷத்துக்கு ஒருதரம் பழுக்கிற பழம், அவருக்கு அதுதான் சாப்பாடு. அவரு விட்ட சாபத்துல 12 வருஷப் பசி இவ வயித்துல ஏறிடுச்சு, பறக்கிற மந்திரமும் மறந்துபோச்சு. யானைத்தீங்கிற அந்தத் தீராப்பசியோட பூம்புகார்ல அலைஞ்சவளை மணிமேகலை சோறு போட்டுக் குணமாக்கினா. ஊருக்குப் பறந்தவளை விந்தமலையைக் காக்கிற விந்தாகடிகை இழுத்துத் தன் வயித்துக்குள்ள போட்டுக்கிட்டா. அது தெரியாம தேடிவந்த புருஷன் காஞ்சனன், அவ உருவத்துல இருந்த மணிமேகலைகிட்ட பேசின உதயகுமரனை வெட்டிப்போட்டான். இதைவிட இருட்டு வேணுமா?

அரசலாறு:
அந்தக் கதை மேல எனக்கு உயிரு அண்ணே. ஆனா காயசண்டிகை யார்கிட்டயும் ஒளியலை. மணிமேகலைகிட்ட தன் கதையை அவளே சொல்லிடறா. எனக்கு வேணும்கிறது, பக்கத்துல உக்காந்து சாப்பிடுறவன் யாருன்னு தெரியாத பயம். இரும்பு மட்டும் என்ன சீமைச் சரக்கா? பிள்ளை பெத்தவ தலைமாட்டுல இரும்பு வைக்கிறோம், கறிச்சோறு கொடுத்தனுப்பும்போது ஆணியோ கரித்துண்டோ கூட வைக்கிறோம். அயர்லாந்துல தொட்டில் மேல இரும்பு இடுக்கி வெச்சாங்க.

குடமுருட்டி:
சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறவ நான். உள்ளூரா வெளியூரா என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. 'தம்பி தம்பியில்லை' என்கிற இடம்தான் பிரச்சினை. நடக்காத, பேசாத குழந்தையைப் பார்த்து 'ஃபேரி மாத்தி வெச்சது'ன்னு சொல்லித்தான் அந்த ஊர்கள்ல வதைச்சாங்க. 1895ல அயர்லாந்து டிப்பரரியில பிரிட்ஜெட் கிளியரி உடம்பு முடியாம படுத்தப்போ, இவ என் மனைவியே இல்லை, ஃபேரின்னு சொல்லிப் புருஷனே எரிச்சான். அவனுக்கு 20 வருஷத் தண்டனை கிடைச்சுது. இங்க அதுக்குப் பேரு காத்துக்கருப்பு. பேய் ஓட்டுறேன்னு அடிச்ச பிரம்புத் தழும்பு முதுகுல வரிவரியா இருக்க, என் வகுப்புல ஒரு பையன் உக்காந்திருக்கான். அவனுக்கும் ஒரு அக்கா இருக்கா. அவ உங்க நாவலைப் படிப்பா.

அரசலாறு:
என் கதையில தம்பி நோயாளி இல்லைக்கா. மாறினதுக்கப்புறம் இன்னும் கெட்டிக்காரனாயிடறான், எல்லார்கிட்டயும் அன்பா நடந்துக்கறான். வீடே பூரிச்சுப்போகுது. அக்காவுக்கு மட்டும்தான் அடிவயித்துல பயம்.

குடமுருட்டி:
அது நல்ல மாத்தம், ஒத்துக்கறேன். ஆனா இரும்பைக் காய்ச்சி அவனைச் சோதிக்கிற காட்சி உண்டா? சூடு வைக்கிறது இங்க கற்பனை இல்லை.

புகார்வாசி:
டீச்சர் சொல்றது நியாயம். சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதத்தைக் கொண்டுவாங்க தம்பி. புகார் நாற்சந்தியில நின்னு, பொய்ச்சாட்சி சொல்றவனைப் பாசக்கயித்துல கட்டி அடிச்சுத் தின்ற பூதம். உங்க ஃபேரிக்குத்தான் பொய்யே வராதே, பூதம் அவனைத் தொடாது. பையன் மாறினது தெரிஞ்சும் 'இவன்தான் எங்க பிள்ளை'ன்னு சாதிக்கிற அப்பா அம்மாவைத்தான் பிடிக்கும். அக்கா யாரைக் காப்பாத்துவா?

அரசலாறு:
அண்ணே, இதை எடுத்துக்கறேன். இரும்புக் காட்சியை மட்டும் விடமுடியலை. அவ ஆணியைக் காய்ச்சலை, பச்சை ஆணியைத்தான் தூங்குறவன் உள்ளங்கையில வைக்கிறா. அதுக்கு முன்னால தன் கையில வெச்சுப் பாத்துக்கறா.

குடமுருட்டி:
அந்த அத்தியாயத்தை இங்க போடுங்க. படிக்காம சரின்னு சொல்ல மாட்டேன்.