ஆப்புக்குள்ள யுபிஐ க்யூஆர் வச்சு டொனேஷன் கேக்கலாமா, பிளே ஸ்டோர் தூக்கிருமா?

குலசேகரம்_ரப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டம் வச்சிருக்கவங்களுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதி முடிச்சிருக்கேன். இன்னைக்கு பாலுக்காக எத்தன மரம் வெட்டுச்சு, பால் எவ்வளவு, ஷீட்டு எவ்வளவு, ஒட்டுப்பால் எவ்வளவு, வெட்டுக்காரருக்கு கூலி எவ்வளவு பாக்கி, எல்லாத்தையும் போன்லயே எழுதி வச்சுக்கிடலாம். நெட்டே இல்லாம ஓடும், ஏன்னா பேச்சிப்பாறைக்கு மேல பல தோட்டத்துல சிக்னல் கிடையாது, நெட்டு இருக்கும்போது மட்டும் ரப்பர் போர்டு போடுற கோட்டயம் ஆர்எஸ்எஸ்-4 (புகை போட்ட ஷீட்டு ரப்பர்ல ஒரு தரம்) விலைய ஒருக்க எடுத்துக்கிடும். கோட் மொத்தமும் ஜிபிஎல் 3ல, அதாவது யாரும் எடுத்து மாத்திக்கிடலாம்ங்குற ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்ல, வெளிய போடப்போறேன். விளம்பரம் போட எனக்கு மனசில்ல, ஒருத்தரோட தோட்டக் கணக்கு அவரு போன விட்டு வெளிய போகவே கூடாதுன்னுதான் இத எழுதவே ஆரம்பிச்சேன்.

ஆனா டொமைன், டெஸ்டுக்கு பழைய போன்னு செலவு இருக்கு, நேரமும் போவுது. அதனால 'ஆப் பற்றி' பக்கத்துல என் யுபிஐ க்யூஆர் ஒண்ணு வச்சு, விருப்பம் இருக்கவங்க தாங்கன்னு போடலாம்னு நினைக்கேன். கூடப் படிச்ச பையன் ஒருத்தன் அப்படி வச்சா பிளே ஸ்டோர்ல இருந்து எடுத்துருவாங்கன்னு சொல்லுதான், இன்னொருத்தன் அதெல்லாம் ஒண்ணும் செய்யமாட்டாங்கன்னு சொல்லுதான். துபாய், மஸ்கட்ல இருக்க நம்ம ஊர்க்காரங்க சிலபேரு நாங்களும் தாறோம்னு கேக்காவ, அதுக்கு வழி உண்டா? ஐபோனுக்கும் போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடியே சரியா செஞ்சுரணும்.

கோட்டாறு_டெவ்:

க்யூஆர் ஆப்புக்குள்ள வேண்டாம் தம்பி. இது சும்மா பயமுறுத்துறது இல்ல. 2019 அக்டோபர்ல வயர்கார்டுன்னு உலகமே பயன்படுத்துற விபிஎன், அதோட ஆண்ட்ராய்டு ஆப்புல ஒரு டொனேட் லிங்க் இருந்ததுக்காக பிளே ஸ்டோர்ல இருந்து தூக்கினாங்க, லிங்க எடுத்தப்பறம்தான் திரும்ப வந்துச்சு. ஆண்டிஓடிபின்னு ஓடிபி எடுக்குற ஆப்புக்கும் அதே சமயத்துல அதே கதைதான். கூகுளோட பேமெண்ட் பாலிசி என்னான்னா வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம்னா வெளிய காசு வாங்கிக்கிடலாம், நீங்க தனியாளு, அந்தச் சலுகை உங்களுக்கு இல்ல. அமெரிக்காவுல கோர்ட்டு தீர்ப்பால வெளி லிங்குக்கு கொஞ்சம் இடம் கிடைச்சிருக்கு, அத வச்சு இங்கயும் வைக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இந்தியாவுல சிசிஐ (போட்டி ஆணையம்) 2022 அக்டோபர்ல பிளே பில்லிங், அதாவது ஆப்புக்குள்ள காசு கூகுள் வழியாத்தான் கட்டணும்ங்குற விஷயத்துக்காக கூகுளுக்கு 936.44 கோடி அபராதம் போட்டுச்சு, 2025ல மேல்முறையீட்டுல அது 216.69 கோடியா குறைஞ்சுது, நடுவுல வேற பேமெண்ட் முறையும் கூட வச்சுக்கிடலாம்னு கூகுள் வழி விட்டுச்சு. ஆனா அதுலயும் கமிஷன்ல 4 பெர்சென்ட் மட்டும்தான் குறையும், அதுக்கான பேப்பர் வேலையெல்லாம் கம்பெனிக்காரங்களுக்குத்தான் தோது.

பிளே வழியாவே 'டிப்' மாதிரி ஒரு இன்-ஆப் பர்ச்சேஸ் வைக்கலாம், அது முழுசா விதிக்குள்ள வரும். வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும் 15 பெர்சென்ட் எடுப்பாங்க, அந்த ரேட்டு வேணும்னா பிளே கன்சோல்ல (டெவலப்பர் கணக்குப் பக்கம்) தனியா சேரணும். இதுல ஒரு விஷயம் யாரும் முன்னாடியே சொல்லமாட்டாங்க: தனியாள் கணக்குல காசு வாங்க ஆரம்பிச்சா உங்க முழு அட்ரஸும் ஸ்டோர் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். வீட்டு அட்ரஸ் உலகத்துக்கே தெரியணுமான்னு வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க. புதுசா தனியாள் கணக்கு தொடங்கினா 25 டாலர் ஒருக்க கட்டணும், 12 பேரு 14 நாள் விடாம டெஸ்ட் பண்ணணும், அதுக்கு உங்க ஊர்லயே ஆள் பாத்து வச்சுக்கிடுங்க.

ஐபோனுக்கு வருஷம் 99 டாலர். ரப்பர் வெட்டுற ஆள்கிட்ட எத்தன ஐபோன் இருக்கு? இப்ப விட்டுருங்க. ஜிபிஎல்லுக்கும் ஆப்பிள் ஸ்டோர் விதிக்கும் ஆகாதுன்னு விஎல்சிங்குற வீடியோ பிளேயரோட டெவலப்பர் ஒருத்தரே புகார் குடுத்து 2011 ஜனவரில விஎல்சிய எடுத்தாங்க, லைசன்ஸ மாத்தினப்பறம்தான் 2013ல திரும்ப வந்துச்சு. கோட் மொத்தமும் உங்களோடதா இருக்கவரைக்கும் சிக்கல் இல்ல, வெளியாள் பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்ப ஆரம்பிச்சா அப்பறம் அவங்ககிட்டயும் சம்மதம் கேக்கணும்.

வேளிமலை_அக்கா:

தம்பி, முதல்ல எஃப்-டிராய்டுல போடு. 2010ல இருந்து ஓடுது, ஓப்பன் சோர்ஸ் ஆப்புக்கு மட்டுமான இடம், கணக்குக்கு காசு கிடையாது. நீ கோட் வச்சிருக்க ரெப்போல இருந்து அவங்களே ஆப்ப பில்ட் பண்ணிருவாங்க, ஆப்போட விவரத்துல டொனேட்டுன்னு ஒரு லிங்க் குடுக்க அவங்களே இடம் வச்சிருக்காங்க, அது ஆப்புக்குப் பக்கத்துலயே தெரியும், யாரும் தூக்கமாட்டாங்க. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோ, எஃப்-டிராய்டு வெர்ஷனுக்கும் பிளே வெர்ஷனுக்கும் சாதாரணமா சைனிங் கீ (ஆப்புக்கு போடுற டிஜிட்டல் கையெழுத்து) வேற வேற, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா முதல்ல அழிச்சாத்தான் போட முடியும், அப்ப ஒரு வருஷக் கணக்கும் சேந்து போயிரும். எக்ஸ்போர்ட், இம்போர்ட் ரெண்டும் முதல் வெர்ஷன்லயே வச்சிரு.

பிளேல என்ன செய்யலாம்னு கேட்டா நான் விலை போடுன்னுதான் சொல்லுவேன். கான்வர்சேஷன்ஸ்னு சாட் ஆப், டாவ்எக்ஸ்5னு காலண்டர், கான்டாக்ட் சிங்க் பண்ற ஆப், ரெண்டும் அப்படித்தான், பிளேல காசு குடுத்து வாங்கணும், எஃப்-டிராய்டுல சும்மா கிடைக்கும், கோட் ஒண்ணுதான். ஜிபிஎல்ல விக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. டொனேஷன்னு கேட்டா நூத்துல ஒருத்தர் தாறதே பெரிசு, விலைன்னா எல்லாரும் ஒரு காப்பி காசு தருவாங்க, நீயும் கை நீட்டி நிக்க வேண்டாம். ஆனா முதல் நாளே முடிவு பண்ணிக்கோ, பிளேல ஒருக்க இலவசம்னு விட்டுட்டா அந்த ஆப்ப அப்பறம் விலைக்கு மாத்தவே முடியாது.

கோட்டாறு_டெவ்:

அக்கா சொன்ன எஃப்-டிராய்டு, எக்ஸ்போர்ட் ரெண்டும் கரெக்டு. விலை விஷயத்துல நான் ஒத்துக்கிட மாட்டேன். கான்வர்சேஷன்ஸ் வாங்குறவன் கார்டு வச்சிருக்கவன், ஸ்டோர்ல வாங்கிப் பழக்கப்பட்டவன். இங்க ஆப்ப நிஜமா போட்டுக்கிடப்போறது காலைல நெத்தில லைட்ட கட்டிட்டு மலையேறுற வெட்டுக்காரரு, அவரு போன்ல யுபிஐ இருக்கும், ஸ்டோர்ல காசு கட்டி ஒண்ணும் வாங்கிருக்கமாட்டாரு. பத்து ரூவான்னு போட்டாலும் அங்கயே நிறுத்திருவாரு. கூலி பாக்கி எவ்வளவுன்னு அவரு கையிலயும் ஒரு கணக்கு இருக்கணும்ங்கதுதான் இந்த ஆப்போட உயிரே, முதலாளி கையில மட்டும் இருந்தா என்ன பிரயோஜனம்? அதனால ஆப் சும்மா இருக்கட்டும், காசு கேக்குறத உங்க சைட்லயும், கோட் போடுற கிட்ஹப் பக்கத்துலயும் வையுங்க.

காசு வராம ஒரு ஆள் களைச்சுப் போனா என்ன ஆகும்னும் யோசிக்கணும். சிம்பிள் மொபைல் டூல்ஸ்னு நல்ல ஆப்புங்க, 2023 கடைசில வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க, பயன்படுத்துனவங்க கோட்டை எடுத்து ஃபாசிஃபைன்னு தனியா ஓட்டவேண்டி வந்துச்சு. போன், கம்ப்யூட்டர் ஃபைல ஒண்ணாக்குற சிங்திங்கோட ஆண்ட்ராய்டு ஆப்ப அத பராமரிச்சவரு 2024 டிசம்பரோட நிறுத்திட்டாரு, பிளேல வெளியிடுறதுல உள்ள தொல்லையும் ஒரு காரணம்னு சொன்னாரு. காசும் வேணும், இன்னொரு ஆளும் வேணும், இத இப்பவே தேடுங்க.

முட்டம்_கணக்கு:

நான் கோட் எழுதுற ஆள் இல்ல, கணக்கு எழுதுற ஆள், அதனால காச மட்டும் சொல்லுதேன். போன் நம்பரையே யுபிஐ ஐடியா வைக்காதீங்க, நம்பர் இல்லாத ஒரு ஐடி தனியா எடுங்க, அதுக்குன்னு ஒரு அக்கவுண்டும் வச்சிருங்க, வீட்டுச் செலவும் ஆப் காசும் கலந்தா மார்ச் மாசம் தலவலி. வரிவிலக்கு உண்டுன்னு எங்கயும் எழுதிரப்படாது, 80ஜி (நன்கொடைக்கு வரிவிலக்கு தாற பிரிவு) பதிவு உள்ள டிரஸ்டுக்குத்தான் அது. சொந்தக்காரர் இல்லாதவங்க சும்மா தாற பணம் ஒரு வருஷத்துல 50,000 ரூவாய தாண்டிச்சுன்னா தாண்டுனது மட்டுமில்ல மொத்தமும் வருமானம்தான். ஆப் வேலைக்கு வந்த காசுன்னு பாத்தா முதல் ரூவால இருந்தே வருமானம்னு ஆபீசர் சொல்லலாம், அதனால எல்லாத்தையும் ரிட்டர்ன்ல காட்டிருங்க.

துபாய்க்காரங்க விஷயம் நீங்க நினைக்கதவிட எளிசு. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவரு சொந்தச் சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா எஃப்சிஆர்ஏல (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அது வெளிநாட்டுப் பணம்னு வராது. யுஏஇ, ஓமன், கத்தார், சவுதி நம்பர்லயே என்ஆர்இ, என்ஆர்ஓ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்க இந்தியருக்கான பேங்க் கணக்கு) வச்சு யுபிஐ போட 2023லயே அனுமதி வந்தாச்சு, அவங்க பேங்க் அத குடுக்கணும், அவ்வளவுதான். வேற நாட்டு குடியுரிமை வாங்குனவங்க கேட்டா மட்டும் அவசரப்படாதீங்க, ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்க. பேபால் நம்பி இருக்காதீங்க, 2021 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுக்குள்ள ஆளுக்கு ஆள் அதுல அனுப்ப முடியாது.

இன்னொண்ணு, வந்த காசு, செலவான காசு ரெண்டையும் மாசாமாசம் சைட்ல போடுங்க. நம்ம கோயில் திருவிழாவுக்கு வரவு செலவு போர்டு எழுதி வைக்கது மாதிரி. அத பாத்தப்பறம் ரெண்டாவது தடவையும் தருவாங்க.

குலசேகரம்_ரப்பர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. க்யூஆர ஆப்ல இருந்து எடுத்துட்டேன், சைட்ல வைக்கேன், மாசக் கணக்கும் அதே பக்கத்துல போடுதேன். எஃப்-டிராய்டு முதல்ல, பிளேல இலவசமா அதுக்கப்பறம். அக்கா, விலை போடச் சொன்னது புரியுது, ஆனா வெட்டுக்காரங்க கையில போய்ச் சேரணும்ங்கதுக்காகத்தான் வேண்டாம்னு வைக்கேன். எக்ஸ்போர்ட்ட சிஎஸ்வியா (எக்ஸெல்ல திறக்குற பட்டியல் ஃபைல்) வைக்கதா, இல்ல ஆப்போட டேட்டாபேஸ் ஃபைலயே அப்படியே எடுக்க விடுறதா?

வேளிமலை_அக்கா:

ரெண்டும் வை தம்பி. டேட்டாபேஸ் ஃபைல் திரும்ப ஏத்துறதுக்கு, சிஎஸ்வி முதலாளியும் வெட்டுக்காரரும் ஒக்காந்து பேசும்போது பிரிண்ட் எடுக்கதுக்கு. சிஎஸ்வில தமிழ் எழுத்து எக்ஸெல்ல கட்டம் கட்டமா வராம இருக்கணும்னா யுடிஎஃப்-8 பிஓஎம் (ஃபைல் தொடக்கத்துல எழுத்து வகைய சொல்லுற குறி) சேத்து எழுது. டெஸ்டுக்கு 12 பேரு வேணும்லா, எங்க வீட்டுல மூணு ஆண்ட்ராய்டு போன் இருக்கு, மூணு பேரு மெயிலையும் மெசேஜ்ல அனுப்புதேன், சேத்துக்கோ.