1525 விவசாயிகள் எழுச்சி: படிக்க என்ன இருக்கிறது?

குழுவினருக்கு வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்கு ஐரோப்பிய மதச் சீர்திருத்தம் நடத்துகிறேன். அதைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதரோடு பாடத்தை முடித்துவிட மனம் வரவில்லை.

தெற்கு ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் 1525 மார்ச்சில் விவசாயிகள் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளையும் சொல்ல வேண்டும். ஊர்ப் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுப்பது முதல் கோரிக்கை. பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், ஆற்றில் மீன் பிடிக்கவும் காட்டில் விறகு எடுக்கவும் தடை கூடாது என்று பட்டியல் நீள்கிறது. ஓரத்தில் பைபிள் வசனச் சான்றுகள் வேறு! வேதத்துக்கு முரணானது என்று நிரூபித்தால் கைவிடுகிறோம் என்கிறது கடைசிக் கோரிக்கை. என்ன துணிச்சல்!

முதலில் பிரபுக்களையும் கண்டித்த லூதர், பிறகு கிளர்ச்சிக்காரர்களை வெட்டிச் சாய்க்கச் சொன்னார். மே 15 அன்று மத்திய ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசனில் விவசாயிகள் படை நொறுங்கியது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய போதகர் தாமஸ் முன்ட்சரின் தலை போயிற்று.

இது மதச் சண்டையா, வயிற்றுப்பாட்டுச் சண்டையா என்று மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் கட்சி. இதை வர்க்கப் போராட்டமாகப் பார்க்கும் மார்க்சிய விளக்கம் கைவசம் இருக்கிறது. அதை மறுத்து எழுதியவர்கள் யார்? கோரிக்கைகளின் முழு வடிவம் தமிழில் கிடைக்குமா? எளிய ஆங்கிலமானாலும் சரி. அக்காலத்து மரச்செதுக்குப் படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த வாரம் பாடம்.