இலைக்கு வடிவம் சொல்லப்போய்க் கற்றவை: அனுபவப் பகிர்வு

மொரிஷியஸ் தீவின் குவாத்ர் போர்னிலிருந்து ஓர் உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றங்காலில் வாங்கிய கன்றின் இலை, ஒரு விரல் அகலம்கூட இல்லாமல், இரு விளிம்பும் இணையாக நீண்டு, நடு நரம்பு செக்கச்செவேலென்று ஓட, கூராக முடிந்திருந்தது. 'நேர்கோட்டு வடிவம், கூர்நுனி' என்று குறிப்பேட்டில் எழுதி, பக்கத்திலேயே ஓர் இலையையும் ஒட்டி வைத்தேன். கன்று தலைக்கு மேல் வளர்ந்தபின் உச்சியில் துளிர்த்தவையோ அகன்ற நீள்வட்ட இலைகள். நுனி மழுங்கல், விளிம்பில் ஆழமில்லாத வளைபற்கள். வேறு ஏதோ செடி ஊடே முளைத்துவிட்டது என்று எண்ணி அந்தக் கிளையை வெட்டியும்விட்டேன்; நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அது புவா டோலிவ் மரம். மொரிஷியஸ், ரியூனியன், ரொட்ரீக்ஸ் ஆகிய மூன்று தீவுகளுக்கே உரியது. இளமையில் ஓர் இலை, முதிர்ந்தபின் வேறோர் இலை என்பது இத்தீவுகளின் மரங்கள் பலவற்றிலும் காணப்படுவது. முன்பு இங்கே மேய்ந்து, பிறகு அழிந்துபோன பேராமைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்வரை கன்று தன் இலையை வேறாகக் காட்டித் தப்பித்தது என்று தாவரவியலார் இதற்கு விளக்கம் தருகிறார்கள். அன்றிலிருந்து, இலையைக் கன்றில் பறித்தேனா, மரத்தில் பறித்தேனா, எந்த உயரத்தில் பறித்தேன் என்பதை வடிவத்துக்கு முன்பாகவே எழுதிவிடுகிறேன்.

மாஹேபூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, என்னைக் குழப்பியது இதய வடிவம். கடற்கரையில் நிற்கும் பூவரசுக்கும் கோவில் வாசல் அரசுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு மழை நாளில் இரண்டு இலைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் நுனியைக் கவனித்தேன். பூவரசின் நுனி சற்றே கூர்ந்து அதோடு நின்றுவிட்டது. அரசின் நுனியோ வால்போல் மெலிந்து நீண்டு, அதன் முனையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. மழைநீர் இலைமேல் தேங்காமல் வடிவதற்கு வாகான இந்த நுனியை 'வால்நுனி' என்றே நான் சொல்லிவருகிறேன். காம்பைக் கிள்ளினால் அரசில் பால் வரும், பூவரசில் வராது. ஆயினும் நுனி தெரிந்தவர் கிள்ள வேண்டியதே இல்லை.

போர்ட் லூயியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, நுனியைப் போலவே அடியையும் பாருங்கள். திருவிழாவுக்கு வேப்பிலை என்று என் தம்பி மலைவேம்பைப் பறித்து வந்தபோது எனக்குக் கைகொடுத்தது அதுதான். வேம்பின் சிற்றிலை அரிவாள்போல் வளைந்து, அடியில் ஒரு பக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் சமமின்றி இருக்கும். காம்பின் இருபுறமும் ஒரே வரிசையாக அமையும். மலைவேம்பின் காம்போ கிளைத்து, அக்கிளைகளில்தான் சிற்றிலைகளைத் தாங்கும்.