வெள்ளவத்தை வீட்டார் குழு: கயாக் வந்த இரவு

*பெப்ரவரி, வெள்ளிக்கிழமை*

கபிலன், மாலை 7.12
[படம்]
மீன்பிடிக்க வாங்கிய கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) வந்துவிட்டது! 11 அடி. மாடிப்படியில் திருப்ப முடியவில்லை. கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் சுவரோரம் வைத்திருக்கிறோம்.

வசந்தி அத்தை, 7.15
நிறம் மிகவும் அழகாக இருக்கிறது கபிலன். ஒருவர்தான் இருக்கலாமா? கவிழாதா?

கபிலன், 7.17
ஒருவர்தான் அத்தை. மேலே திறந்த வகை. உள்ளே தண்ணீர் தெறித்தால் அடித்துளைகள் வழியாகத் தானாகவே வடிந்துவிடும். நாளை பழைய சோனகத் தெருக் கடைகளுக்குப் போகிறேன். முன்னால் இரண்டு தூண்டில் தாங்கி, மீன் காட்டும் கருவி, அதற்கு 12 வோல்ட் பற்றரி, நங்கூரம், விளக்கு எல்லாம் பொருத்த வேண்டும். துளைக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிவிட்டேன். இன்றிரவே துளைகளைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

ரவிச் சித்தப்பா, 7.18
இன்றிரவு ஒரு துளையும் போடாதே.

ரவிச் சித்தப்பா, 7.18
பட்டியலில் உயிர்காப்பு அங்கி எங்கே?

கபிலன், 7.20
பொல்கொடை ஏரியில்தானே தொடங்கப் போகிறேன் சித்தப்பா. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

ரவிச் சித்தப்பா, 7.31
எனக்கும் தெரியும். கேள்.

அப்போது எனக்கு 23 வயது. நீர்கொழும்புக் களப்பு கடலோடு சேரும் இடத்தில் சின்ன வள்ளம் ஒன்றில் இரண்டு பேர் நின்றோம். வற்று நேரம், தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டுகிறதே என்று நங்கூரக் கயிற்றை வள்ளத்தின் பக்கவாட்டில் கட்டினேன். நங்கூரம் அடியில் பிடித்ததும் வள்ளம் நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பியது. கயிறு கட்டியிருந்த பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. பத்து எண்ணி முடிக்கவில்லை, நாங்கள் தண்ணீரில்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இழுபட்ட முடிச்சு கல்லாகிவிட்டது, என் நகம்தான் பெயர்ந்தது. கயிற்றின் மிச்சம் வலது காலில் சுற்றிக்கொண்டிருந்தது. கால் கட்டுப்பட்டவனுக்கு நீச்சல் எதற்கு உதவும்? இரை வெட்டும் கத்தி நண்பனின் இடுப்பில் இருந்தது. அவன் கயிற்றை அறுத்ததால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன்.

வசந்தி அத்தை, 7.33
அண்ணா, இதை ஒரு நாளும் எங்களிடம் சொல்லவில்லையே.

ரவிச் சித்தப்பா, 7.34
அம்மா இருக்கும்வரை சொல்ல மனம் வரவில்லை.

மதி அண்ணா (கனடா), 7.40
சித்தப்பா சொல்வது கயாக்குக்கு இன்னும் பொருந்தும், அது வள்ளத்தை விட ஒடுக்கம். நங்கூரம் முன்நுனியில் அல்லது பின்நுனியில்தான் இழுக்க வேண்டும். ஆனால் நடுவில் உட்கார்ந்திருப்பவனின் கை அங்கே எட்டாது. அதற்குத்தான் ஓடுகயிறு போடுகிறோம். ஒரு பக்கமாக முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டுக்கும் இடையில் சுற்றி ஓடும் கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள்ளால் போகும். நங்கூரத்தை இறக்கிவிட்டு வளையத்தை நுனிவரை இழுத்து நிறுத்தினால் போதும்.

உன் அளவுக் கயாக்குக்கு ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் சரி. கயிறு ஆழத்தின் மூன்று மடங்காவது வேண்டும், நீரோட்டம் இருந்தால் இன்னும் நீளமாக. கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவையைக் கட்டு. ஆபத்து என்றால் கயிற்றைக் கைவிட்டுவிட்டு, பிறகு வந்து மிதவையைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அங்கியைப் பற்றி: இங்கே கயாக்கில் கூட ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். மீன்பிடிக்கென்று வரும் அங்கியில் முதுகுப் பஞ்சு மேலே ஏறி இருக்கும், ஆசனத்தின் சாய்மானம் அதில் இடிக்காது. போட்டு, வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல். அங்கி காதுவரை ஏறினால் அந்த அளவு வேண்டாம்.

வசந்தி அத்தை, 7.43
அங்கி என் செலவு. நல்லதாக வாங்கு. அதில் ஒரு விசிலும் கட்டு. பொல்கொடையில் முதலை இருக்கிறது என்கிறார்களே?

ரவிச் சித்தப்பா, 7.46
இருக்கிறது. கரையோரப் பற்றைகளுக்குப் பக்கத்தில் தண்ணீரில் காலைத் தொங்கவிடக் கூடாது. பிடித்த மீனையும் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விடக் கூடாது. ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதில் ஐஸ். மீன் காட்டும் கருவி அடுத்த மாதம் இருக்கட்டும். கொடுவா எங்கே நிற்கும் என்பதை முதலில் கண்ணால் பழகு: சரிந்து கிடக்கும் மரம், பாலத்துக் கால், வாய்க்கால் வந்து சேரும் இடம்.

கபிலன், 7.49
சரி சித்தப்பா. ஆனால் துளை போடுவதில் என்ன பிழை?

மதி அண்ணா (கனடா), 7.52
அது பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். பசை சரியாகப் பிடிக்காது. தவறான இடத்தில் போட்ட துளையை அடைப்பது பெரும்பாடு. முதலில் அமர்ந்து பார். பொருத்தும்போது துருப்பிடிக்காத ஆணியும் ரப்பர் வளையமும் போடு, சாதாரண இரும்பு உப்புக்காற்றில் நிற்காது.

கபிலன், 8.26
[படம்]
இப்போதுதான் கீழே போய்ப் பார்த்தேன். தாங்கி வைக்க நினைத்த இடங்களில் இரண்டு வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை நாடாவால் ஒட்டி, ஆசனத்தில் இருந்து துடுப்பு வலித்துப் பார்த்தேன். மூன்றாவது வலிப்பில் இடது கைமுட்டி போத்தலில் அடித்தது. ஒரு சாண் முன்னால் தள்ளி ஒட்டினேன். இப்போது கை படவில்லை, ஆனால் தூண்டிலை எடுக்க எட்டிக் குனிய வேண்டியிருக்கிறது. துளை போட்டிருந்தால் இரண்டும் வீணாகியிருக்கும். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரவிச் சித்தப்பா, 8.29
நல்லது. இப்போது பின்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும், தூண்டில் செருகும் இரண்டு குழிகளே உனக்குப் போதும். துடுப்பை ஒரு கயிற்றால் கயாக்கோடு கட்டு, விழுந்தால் துடுப்புத்தான் முதலில் போகும். சின்னக் கத்தி அங்கியின் நெஞ்சுப் பக்கத்தில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

கபிலன், 8.31
விழுந்தால் மீண்டும் ஏறுவதை எங்கே பழகுவது சித்தப்பா? ஏரியில் முதலை.

ரவிச் சித்தப்பா, 8.35
கல்கிசையில். ஏப்ரல்வரை இந்தக் கரையில் காலைக் கடல் பெரும்பாலும் அமைதி, தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கினால் முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நான் பக்கத்தில் நிற்கிறேன். வேண்டுமென்றே கவிழ்த்து, வயிற்றால் குறுக்கே ஏறி, புரண்டு, ஆசனத்தில் இருக்க வேண்டும். பத்துத் தடவை. அலை பெரிதாக இருந்தால் திரும்பி வந்துவிடுவோம்.

வசந்தி அத்தை, 8.36
நானும் வருகிறேன். கரையில் இருந்து பார்க்கிறேன். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வருகிறேன்.

ரவிச் சித்தப்பா, 8.38
ஞாயிறு காலை 6 மணி. கபிலன், போத்தல்களைக் கழற்றாதே. ஒட்டியபடியே கொண்டு வா, தண்ணீரில் இன்னொரு தடவை பார்ப்போம்.